சுவருக்குள் போன தண்ணீர்

வீட்டுக்காரருக்கும் பைப் பாஸுக்கும் இடையிலான பிணக்குகள் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தியாகக்கூட வருவதில்லை. ஆனால் எங்கள் கரையோர ஊர்களில் உறவைக் கெடுப்பதில் காணி எல்லைக்கு அடுத்த இடத்தை இதற்கே கொடுப்பேன். (அரசியலைக் கணக்கில் சேர்க்கவில்லை!)

2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த ஊர்களுள் கோமாரியும் ஒன்று. அதன்பின் அங்கு எழுந்த வீடொன்றில், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை தனியே வசிக்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகியபோது, அவரிடமே படித்த ஒருவர் வந்து சுவரை உடைத்துத் திருத்தி, மாபிளும் பதித்துக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் சுவர் மீண்டும் ஊறியது. ஆசிரியை மீதிப் பணத்தை நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர், நான் தொட்ட இடத்தில ஒழுக்கு இல்ல" என்றார் அவர்.

"அப்ப தண்ணி வானத்தில இருந்தா வருது தம்பி?"

இருவர் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்பதுதான் இந்த வழக்குகளின் சிக்கல். சுவருக்குள் கசியும் நீர், கசிந்த இடத்திலேயே தலைகாட்டுவதில்லை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்த்தால், சக்கரம் சுழல்கிறதா என்பதிலிருந்து ஒழுக்கு உண்டா இல்லையா என்று தெரியும். எங்கே என்பது தெரியாது. அதனால்தான் குழாயை மூடிப் பூசுவதற்கு முன், அழுத்தத்துடன் நீர் நிரப்பி ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். எங்களூரில் அதை யார் செய்கிறார்கள்? அந்த நாளுக்குக் கூலி கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். கேட்காவிட்டால் பாஸுக்கு அன்றைய உழைப்பு போகிறது.

2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, 200ஐச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தொட்ட நாட்களில் வாய்ப்பேச்சு ஒப்பந்தங்கள் எத்தனை முறிந்தன! திங்கட்கிழமை சொன்ன சாமான் விலை வெள்ளிக்கிழமை கடையில் இல்லை. ஏமாற்றுகிறான் என்றார் ஒருவர், கஞ்சன் என்றார் மற்றவர்.

பணம் வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் அமைய வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் என்ன வேலைக்கு எவ்வளவு பேசினோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் வேண்டாமா? ஆசிரியையிடமும் இல்லை, மாணவரிடமும் இல்லை.

விடயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த இச்சபையில் சட்டத்தரணி வாதாட முடியாது. ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வர். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கம் வந்தால் அதற்கொரு பத்திரம், வராவிட்டால் அதற்கொரு பத்திரம்.

மூவரின் யோசனைப்படி சுவர் மறுபடி உடைக்கப்பட்டது. ஒழுக்கு, அவர் திருத்திய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வீடு கட்டிய காலத்துப் பழைய மூட்டில் இருந்தது. அவர் பிழை செய்யவில்லை. ஆனால் அன்றே நீர் நிரப்பிப் பார்த்திருந்தால் அதுவும் அகப்பட்டிருக்கும். சாமான் ஆசிரியையுடையது, கூலியில்லா வேலை மாணவருடையது, மீதிப் பணம் இரண்டு தவணையில் என்று கையெழுத்தானது.

உடைந்த மாபிளின் நிறம் இப்போது கல்முனைக் கடைகளிலும் கிடைக்கவில்லையாம். அதை யார் தேடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.