இலையின் மறுபுறம்

தமிழில் எழுத்தைக் குறிக்கும் சொற்கள் பலவும் மரத்திலிருந்து இறங்கி வந்தவை. ஓலை என்பது பனையின் இலை. கடிதத்துக்கும் அதுவே பெயர். மடல் என்பது பனையிலும் தாழையிலும் காண்பது. தூய பவுல் எழுதியதைத் திருமடல் என்றும், ஆயர் விடுப்பதைச் சுற்றுமடல் என்றும் நாம் வழங்குகிறோம். வாசகர் கையில் விரிந்திருக்கும் இத்திங்களிதழும் பெயரளவில் ஒரு பூவின் உறுப்பே. இலையையும் இதழையும் பற்றிக்கொண்டு படித்த இனத்தார் நாம்.

ஓலையில் எழுதிய முறையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். பதப்படுத்திய ஓலையின்மேல் எழுத்தாணியால் கீறினால் எழுத்து உருவாகும். ஆனால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியையோ இலைச்சாறு கலந்த மையையோ ஓலை முழுவதும் பூசித் துடைத்துவிட, மேற்பரப்பிலுள்ள கருமை நீங்கும், கீறலுக்குள் புகுந்த கருமை மட்டும் நிற்கும், எழுத்து துலங்கும். ஐரோப்பியச் சித்திரக்காரர் செம்புத் தகட்டில் கோடு கீறி, கோட்டுக்குள் மையைப் புகுத்தி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் வைத்து அழுத்திப் படம் எடுத்ததும் இதே தத்துவத்தால்தான். நம் முன்னோர் தாளை வைத்து அழுத்தவில்லை என்பதொன்றே வேறுபாடு. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிட்டபோது அந்த வேறுபாடும் நீங்கலாயிற்று.

இவையெல்லாம் நம் நெஞ்சில் ஓடியது வெம்பாக்கத்தில் ஒரு தறிவீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பொழுதில். திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில், காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள ஊர் அது. ஆரணிப் பட்டின் பெயரால் நெய்யும் ஊர்களுள் ஒன்று. பெயரைச் சொல்லும்போதே வேம்பின் நினைவு வருகிறது. அவ்வீட்டார் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நெடுநாள் பழக்கத்தால் நம்மைச் ‘சாமி’ என்றே அழைப்பர். அவர்தம் மூத்த மகள் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் அச்சோவியம் பயில்கிறாள். 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று அக்கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த அவள், திண்ணையில் ஒரு கண்ணாடிப் பலகை, ஓர் இரப்பர் உருளை, ஒரு குழல் கறுப்பு மை, ஒரு கூடை இலை ஆகியவற்றைப் பரப்பி வைத்திருந்தாள்.

செய்முறை எளிது. கண்ணாடிமேல் மையை மெல்லியதாக உருட்டவேண்டும். உருளையில் ஒட்டிய மையை இலையின்மேல் ஏற்றவேண்டும். மையிட்ட இலையைத் தாளின்மேல் கவிழ்த்து, வேறொரு தாளால் மூடி, உள்ளங்கையாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தித் தேய்க்கவேண்டும். எடுத்துப் பார்த்தால் இலை தன் கையொப்பத்தைத் தானே இட்டிருக்கும். வேப்பிலையின் வாள்பல் விளிம்பும், அரசிலையின் நீண்ட வால்நுனியும், ஆமணக்கின் விரிந்த கைவிரல்களும் தாள்மேல் வரிசையாக வந்தன.

ஒன்றை நாம் கவனித்தோம். பளபளக்கும் மேற்புறத்தை விடுத்து, வெளிறிய அடிப்புறத்துக்கே அவள் எப்போதும் மையிட்டாள். காரணம் கேட்டோம். “மேற்புறம் வழுவழுப்பாக இருக்கும், ஃபாதர். அதில் மையிட்டால் வெறும் கறுப்புத் திட்டுத்தான் விழும். நரம்புகள் புடைத்திருப்பது அடிப்புறத்தில்தான். இலையின் கதை அங்கேதான் இருக்கிறது” என்றாள்.

உள்ளே தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டிருந்த தந்தையார் நாடாவை நிறுத்திவிட்டு, “சேலையும் அப்படித்தான் சாமி. விவரம் தெரிந்தவர் முதலில் முந்தானையைத் திருப்பித்தான் பார்ப்பார். இழை எங்கே அறுந்தது, எங்கே முடிந்தோம் என்பதெல்லாம் பின்புறம் சொல்லிவிடும்” என்றார். அத்துடன் மீண்டும் மிதிக்கத் தொடங்கினார். மகளின் வேலையைப் பற்றி அன்று அவர் ஒப்புதலாகச் சொன்னது அது ஒன்றே.

இலையை அச்சாக்கும் இக்கலை பழமையானது. லியொனார்தோ தா வின்சியின் குறிப்பேடுகளில் விளக்குப்புகைக் கரியால் எடுத்த இலைப்பதிவு ஒன்றும் அதன் செய்முறையும் உள்ளன. வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பணத்தாள் அச்சிட்ட பெஞ்சமின் பிராங்கிளின், 1730-களின் இறுதியில் அத்தாள்களில் மெய்யான இலைகளின் உருவைப் பொறித்தார். இலையின் நரம்புப் பின்னலை எந்தக் கள்ளக் கைவினைஞனாலும் அப்படியே செதுக்கிவிட இயலாது என்பது அவர் கணக்கு. 1852-இல் வியன்னா அரசு அச்சகத்தின் தலைவர் அலோய்சு ஆவுவர், செடியை உருக்குத் தகட்டுக்கும் மென்மையான ஈயத் தகட்டுக்கும் இடையே வைத்து உருளைகளால் நெருக்கி, ஈயத்தில் விழுந்த பள்ளத்திலிருந்து அச்சுத்தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்தே ஆண்டுகளில் அவ்வார்வம் நம் கரைக்கும் வந்தது. 1857-ஆம் ஆண்டு ஹென்றி சுமித் என்பார், பதப்படுத்தாத செடிகளிலிருந்தே எடுத்த இயற்கைப் பதிவுகளின் மாதிரிகளைச் சென்னையில் நூலாக வெளியிட்டார். வெம்பாக்கத்துத் திண்ணையில் அம்மாணவி செய்வது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே சென்னைக்கு அறிமுகமான கலைதான்.

எனினும் அவளுடைய சோதனை தாளோடு நிற்கவில்லை. அரசிலைகளை வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்து, அழுகிய சதையைத் தூரிகையால் நீக்கி, நரம்பு வலையை மட்டும் காயவைத்து அட்டைகளில் ஒட்டியிருந்தாள். பின்னர் அவள் எடுத்துவந்தது ஒரு பட்டுத்துண்டு. பாவு முடியும் தறுவாயில் மிஞ்சிய வெண்பட்டு அது. தந்தையாரிடம் கேட்டு வாங்கியது. படிகார நீரில் நனைத்த அத்துணியின்மேல் இலைகளைப் பரப்பி, ஒரு கழியில் இறுகச் சுருட்டி, நூலால் கட்டி, இட்லிப் பானையின் ஆவியில் மணிக்கணக்கில் வேகவைத்திருக்கிறாள். பிரித்தபோது தேக்கின் இளந்தளிர் செந்நீலமாகப் படிந்திருந்தது. கொய்யா மங்கிய மஞ்சளைத் தந்திருந்தது. வேம்பு ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை. “ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு இது பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது” என்று சிரித்தாள்.

அத்துணியைக் கையில் ஏந்தியபோது நமக்கு ஒரு வியப்பு எழுந்தது. பட்டு எங்கிருந்து வருகிறது? பட்டுப்புழு உண்பது மல்பெரி இலை ஒன்றையே. ஏறத்தாழ 25 நாள் ஓயாமல் இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, இறுதியில் தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டின் இழை ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளம் வரும். தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கங்களிலும் கர்நாடகத்திலும் வளர்க்கும் அப்புழுக்களின் வயிற்றில் இலையே இழையாகிறது. ஆகவே ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் உருமாறிய இலைகளே. இலையிலிருந்து பிறந்த துணியின்மேல் இலை மீண்டும் வந்து தன் உருவைப் பதித்துச் செல்வதை நாம் அன்று கண்டோம்.

ஆனால் வியப்பு வயிற்றை நிரப்பாது. தந்தையாரின் கேள்வி நேரானது: “இதை வைத்துப் பிழைக்க முடியுமா, சாமி?” அவர் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் வரிசையாகச் சுழல, ஓர் இலைக்கொடி கரை நெடுக மாறாமல் வரும். ஒரு கரையில் நூறு இலை இருந்தாலும் நூறும் ஒன்றே. மகளின் இலைகளோ ஒன்றைப்போல் ஒன்று இரா. அவற்றுள் ஒன்றைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை அடித்தால் புதுக்கரை கிடைக்குமே என்பது அவர் விருப்பம். “கட்டத்தில் அடைத்தால் அது இந்த இலையாக இராது, அப்பா” என்பது அவள் மறுமொழி. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஒரே மாதிரி நூறு முறை வருவதால்தான் சேலை விற்கிறது. அவ்வீட்டில் உலை கொதிக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த மாறாத இலைகளிலிருந்தே வந்தது. அவள் அதை அறிவாள். ஆகவேதான் அவ்விவாதத்தில் குரல்கள் உயரவில்லை, முடிவும் எட்டப்படவில்லை.

நெசவாளர் பலர் தம் மக்களைத் தறிக்கு அனுப்ப விரும்புவதில்லை. முதுகு வலியும், கண் மங்கலும், உழைப்புக்கு ஒவ்வாத கூலியும் அறிந்த பெற்றோரை நாம் குறைகூற இயலாது. தறியை விட்டு வெளியேறுவது அப்பிள்ளைகளின் உரிமை. ஆனால் தறியை விடும் பிள்ளை, தலைமுறைகளாய்ப் பழகிய கண்ணையும் கையையும் உடன் விட்டுச் செல்லவேண்டுமா? நரம்பு புடைத்த பக்கத்தை விரலால் தடவி அறியும் அக்கூர்மை அம்மாணவிக்குக் கல்லூரியில் மட்டும் வந்ததன்று. அறுந்த இழையை இருட்டிலும் தொட்டுக் கண்டுபிடிக்கும் ஒருவரின் மகள் அவள். இதைத் தந்தையார் இன்னும் தம் சொத்தாக எண்ணவில்லை. நம் பள்ளிகளிலும், தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்பே. கைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளையிடம் அவ்வகுப்பைப் பறிப்பது, அவன் ஏற்கனவே கற்றுவந்த ஒரே பாடத்தைப் பறிப்பதாகும்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாளில் ஒரு கிரேக்கச் சொல் நமக்கு அறிமுகமாயிற்று: ‘காரக்டேர்’. நாணயத்தில் அழுத்திப் பொறிக்கும் உருவையும், முத்திரையின் பதிவையும் அது குறிக்கும். எபிரேயருக்கு எழுதிய திருமடலின் தொடக்கம், மகன் தந்தையின் பதிவாக விளங்குவதைச் சொல்ல இச்சொல்லையே எடுத்தாளுகிறது. திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் குருத்துவமும் ஆன்மாவில் அழியா முத்திரை இடுகின்றன என்று திருச்சபை கற்பிக்கும்போதும் இச்சொல்லின் வழிவந்த சொல்லே ஆளப்படுகிறது. ஆங்கிலத்தில் குணத்தைக் குறிக்கும் ‘கேரக்டர்’ என்ற சொல்லுக்கும் வேர் இதுவே. அழுத்தம் இல்லாமல் பதிவு இல்லை என்பதை அச்சுக்கலை அறியும். சொல்லின் பிறப்பும் அதையே சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். துன்பத்தில் இருப்போரிடம் ‘அழுத்தம் நல்லது’ என்று போதிப்பது எளிது. மிகுதியாக அழுத்தினால் இலை கூழாகிவிடும். தாளில் கறையே மிஞ்சும். ஓர் இலையில் நான்கைந்து பதிவுக்குமேல் எடுக்கலாகாது என்று அம்மாணவியே சொன்னாள். உள்ளங்கை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை இலைதான் சொல்லிக் கொடுக்கவேண்டுமாம். பெற்றோரும் ஆசிரியரும் மேய்ப்பரும் உள்ளத்தில் இருத்தவேண்டிய சொல் இது.

குருத்தோலை ஞாயிறன்று நம் கையில் ஓர் ஓலை தரப்படுகிறது. அதைச் சிலுவையாக முடைந்து வீட்டில் செருகி வைக்கிறோம். காய்ந்த ஓலை அடுத்த ஆண்டு சாம்பலாகி நம் நெற்றியில் ஒரு பதிவாக இடப்படுகிறது. சிறார்க்கு ஓலை முடையக் கற்றுத்தரும் முதிய விரல்கள் ஒவ்வொரு பங்கிலும் குறைந்து வருகின்றன. வரும் ஆண்டு அவ்விரல்களுக்கு அருகே ஒரு சிறுவனையோ சிறுமியையோ அமர்த்துங்கள், அன்பர்களே. ஓலையின் பளபளப்பான பக்கத்தை அவர்கள் தாமே பார்த்துக்கொள்வர். மறுபுறத்தைத் திருப்பிக் காட்டுவதற்குத்தான் பெரியவர் ஒருவர் வேண்டும்.