எட்டுத் தேவர்கள் வாழ்த்திய பிறந்த நாள்



புக்கிட் மெர்தாஜம் என்றதும் உங்களில் பலருக்கு ஜூலை மாதத்து செயின்ட் ஆன் மாதா கோயில் திருவிழாதான் நினைவுக்கு வரும். தோட்டத்திலிருந்து கூட்டமாகப் போய் மெழுகுவத்தி ஏற்றி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. சீனர்களின் ஏழாம் மாதத்தில், கடைத்தெருவின் நடுவே, இரவு நேரத்தில் சீன வாயாங் நடக்கும். அங்கே என் நண்பரின் பிறந்த நாளைக் கொண்டாடிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நண்பர் சீனப் பள்ளி ஆசிரியர். பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர். நாற்பத்தைந்து வயது நிறைந்தும் அவர் வீட்டில் ஒரு முறைகூட அவருடைய பிறந்த நாளைக் கொண்டாடியதில்லை. காரணம், அவர் பிறந்தது அந்த ஏழாம் மாதத்தில். அப்போது பாதாள உலகின் வாசல் திறந்து, பசித்த ஆவிகள் பூமிக்கு வரும் என்பது சீனர் நம்பிக்கை. ஆடி மாதத்தில் கல்யாணம் வைக்க நாம் தயங்குவதுபோல, அவர்களும் அம்மாதத்தில் நல்ல காரியங்களைத் தள்ளி வைப்பார்கள்.

"சிக்கு, வாயாங் பார்க்க வாங்க. அதுதான் என் பிறந்த நாள் விருந்து" என்று அவர் அழைத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது தாய் சூ யா. மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த, 20 அடிக்கும் மேல் உயரமான உருவம். ஆவிகளை அடக்கி ஆளும் அரசர் அவர். கடைசி இரவில் அவரையே தீயிட்டு வழியனுப்பி வைப்பார்கள். அவருக்கு முன்னே பழமும் பலகாரமும் மலைபோல் குவிந்திருந்தன. ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது.

மேடைக்கு எதிரே முதல் வரிசை முழுவதும் காலியாக இருந்தது. நல்ல இடம் என்று மகிழ்ந்து உட்கார்ந்துவிட்டேன்! ஒரு சீனப் பாட்டி ஓடி வந்து என் தோளைத் தட்டினார். நண்பர் சிரித்துக்கொண்டே, "அது ஆவிகளுக்கு விட்ட நாற்காலி. நாம் பின்னால்தான் உட்கார வேண்டும்" என்றார். வெட்கத்தோடு எழுந்து வந்தேன்.

தாளமும் சேகண்டியும் முழங்கின. பட்டாடை அணிந்த தேவர்கள் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் இரும்பு ஊன்றுகோல் ஊன்றியிருந்தார். ஒரு பெண் தாமரை ஏந்தியிருந்தாள். நம் கூத்தில் முதலில் பிள்ளையாருக்குப் பாடுவதுபோல, தியோச்சூ நாடகத்திலும் கதைக்கு முன்னால் மங்கலக் காட்சிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, எட்டுத் தேவர்கள் வந்து பிறந்த நாள் வாழ்த்துச் சொல்வது.

"என் பாட்டி என்னை இங்கே கூட்டி வந்து, 'பாரடா, எட்டுப் பேரும் உனக்காகத்தான் வந்திருக்கிறார்கள்' என்பார். பத்து வயது வரை அதை நம்பியிருந்தேன்" என்றார் நண்பர். அவர் குரல் தழுதழுத்தது. விருந்து என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு கதை தொடங்கியது. பாஷை தெரியாவிட்டாலும் பார்க்க முடிகிறது, வாசகர்களே! கையில் குஞ்சம் கட்டிய சாட்டை இருந்தால் ஆள் குதிரைமேல் வருகிறார் என்று பொருள். துடுப்பு இருந்தால் படகு. சீன நாடக மரபில் முகத்துக்குச் சிவப்புப் பூசியவர் விசுவாசி, கறுப்புப் பூசியவர் நேர்மையாளர், வெள்ளை பூசியவர் சூதுக்காரர். நீண்ட வெள்ளைக் கைத்துணியை ஒரு சுழற்றுச் சுழற்றினால் அழுகையும் தெரிகிறது, கோபமும் தெரிகிறது. தியோச்சூவும் அதற்கு உறவான ஹொக்கியனும் கலந்து எழுதிய நாடகம் ஒன்று சீனாவில் 1566-ஆம் ஆண்டிலேயே அச்சாகியிருக்கிறது என்றால், இது எத்தனை தலைமுறைக் கலை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணினேன். பதினேழு பேர். நண்பரையும் என்னையும் தவிர எல்லாரும் நரைத்த தலைகள். "என் பிள்ளைகளுக்கு மாண்டரின்தான் வரும். தியோச்சூ புரியாது. கூப்பிட்டேன், வரவில்லை" என்றார் நண்பர்.

ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். கதாநாயகியாக நடித்த பெண் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்தாள். தாய்லாந்தின் வடகிழக்குப் பக்கம், நெல் விளைவிக்கும் குடும்பமாம். பிறப்பால் சீனப் பெண் அல்லள். தியோச்சூ மொழி முழுவதும் குழுவில் சேர்ந்த பிறகு கற்றதுதான். தன் பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். தியோச்சூப் பாட்டுகள், ஆனால் தாய் எழுத்தில்! காதால் கேட்டதைத் தன் எழுத்தில் எழுதி, உருப்போட்டுப் பாடுகிறாள். எழுதி எழுதி அழித்த அடையாளங்கள் பக்கம் முழுவதும் இருந்தன.

அந்த நோட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. என் தாத்தா பால்வெட்டுக்காரர். பகலெல்லாம் மரம் சீவிவிட்டு, கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் வேடம் கட்டி விடிய விடிய ஆடியவர். அவரிடமும் இப்படி ஒரு பாட்டு நோட்டு இருந்தது. எங்கள் லயத்து வீட்டுப் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாயிற்று. அதை எடுத்துப் படிக்க எனக்குத் தமிழ் தெரியும். தாத்தாவும் பக்கத்திலேயே இருந்தார். ஒரு பாட்டுகூட நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஊராருக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் நான்!

கோப்பிக் கடையில் நண்பருக்கு ஒரு தட்டு மீ கோரேங் வாங்கிக் கொடுத்தேன். கேக்கும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. "அடுத்த வருஷம் பிள்ளைகளை எப்படியாவது கூட்டி வருவேன். ஒரு வரி புரிந்தாலும் போதும்" என்றார் அவர்.

நானும் வீடு திரும்பியதும் ஒரு புதிய நோட்டு வாங்கினேன். எங்கள் தோட்டத்தில் தாத்தாவோடு ஆடியவர்களில் ஒரு பெரியவர் மிஞ்சியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் நான்கு மாணவர்களோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் பாடுகிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள். இதுவரை பதினோரு பாட்டு சேர்ந்திருக்கிறது.

உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கக்கூடும். நாளைக்கு என்று தள்ளிப் போடாமல், இன்றே ஒரு நோட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.