ரெண்டாவது கியர்ல போடுங்க

எங்க தோட்டத்துல வேன் எங்கே நிற்குதுன்னு பார்த்தாலே பெட்டரி எப்படி இருக்குன்னு சொல்லிடலாம். நல்லா இருந்தா லயத்து வாசல்ல. சாகப் போகுதுன்னா கோயில் மேட்டுல, மூக்கு கீழே பார்த்தபடி, டயருக்கு ஒரு கல்லு. இறக்குவானைப் பக்கம், தெரணியகலைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதே கதைதான்.

சாவியைத் திருப்பினால் பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகும். அதன் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம் முன்னே வந்து, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலின் பல்லைக் கவ்விச் சுற்றிவிடும். எஞ்சின் பிடித்ததும் விலகிவிடும். எங்க பக்கம் ஓடுற பழைய 'டொல்பின்' வேன்கள் டீசல். ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை சுமார் 20 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றணும். அதற்குப் பலம் வேணும். வயசான பெட்டரிக்கு அது இல்லை. 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தள்ளும்போது எல்லாமே தலைகீழ். சாவி 'ஒன்'ல இருக்கணும். டீசல் வழியைத் திறக்க கொஞ்ச மின்சாரம் போதும். கிளச்சை மிதித்து ரெண்டாவது கியர். மிதித்திருக்கும்வரை எஞ்சினும் சக்கரமும் தனித்தனி. வேகம் பிடித்ததும் கிளச்சைச் சட்டென்று விட்டால், எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக, சக்கரம் எஞ்சினைச் சுற்றும். முதல் கியரில் போட்டால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் இன்னும் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். அந்த எதிர்ப்பில் டயர் இழுபட்டு வண்டி நின்றுவிடும். மழை பெய்த செம்மண் ரோட்டில் கேட்கவே வேணாம். எஞ்சின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், அதனால இறக்கத்துல கவனம்.

அப்பாயிக்கு மூச்சு முட்டின ராத்திரி மணி 2 இருக்கும். மாமா ஸ்டியரிங்ல. மேட்டுக்குப் போற வழியிலேயே அம்மா, பக்கத்து லயத்து அக்காமார் எல்லாரும் நனைஞ்சாச்சு. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு மாமா கத்தினார். முதல் தடவை குலுங்கி நின்னுச்சு. ரெண்டாவது தடவை கறுப்புப் புகையோட பிடிச்சுது. பின்சீட்ல அப்பாயியோட தலை என் மடியில. மாமா ஆஸ்பத்திரி வாசல் வரை எஞ்சினை நிறுத்தவே இல்லை. (தள்ளுறதுக்குப் பொம்பளைங்களைக் கூப்பிடுவாங்க. ஸ்டியரிங் பக்கம் மட்டும் விடமாட்டாங்க. அதைத் தனியா எழுதணும்.)

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழசை வைத்தே ஓட்டினோம். இப்போ வருவதில் பெரும்பாலானவை ஓட்டோ கியர். டவுனில் இருக்கிற நண்பர்கள் "இன்னுமா கிளச் மிதிக்கிறீங்க"ன்னு சிரிக்கிறாங்க. அவங்க ரோடு தட்டை, சிரிக்கலாம். வழமையான ஓட்டோ கியர் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம்தான் கியரைப் பிடிக்கும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப்பைச் சுற்றுவதே எஞ்சின். எஞ்சின் ஓடலைன்னா பிடிப்பு இல்லை. லயமே திரண்டு தள்ளினாலும் சக்கரம்தான் உருளும். ஜம்பர் வயரும் இன்னொரு வண்டியும் வேணும். ராத்திரி 2 மணிக்கு எங்க மலையில் இன்னொரு வண்டி கிடையாது.