சராசரி சொல்வதும் மறைப்பதும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இடைநிலை ஆசிரியராக இருந்த காலமெல்லாம் ஐந்தாம் வகுப்புக்குச் சராசரிக் கணக்கு நடத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டு, எண்ணிக்கையால் வகு. அவ்வளவுதான். அதே சராசரியை வைத்துத்தான் சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றையும் வடிவமைக்கிறார்கள் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். விளக்கு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எஞ்சினியராக இருக்கிறாள். அவளிடம் கேட்டுப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அடாப்டரில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இன்றைய சுற்றில் ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சம் முறை போல திறந்து மூடுகிறது. ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோ வினாடி. 12 வோல்ட்டை அதில் 4 மைக்ரோ வினாடி கொடுத்து, 6 மைக்ரோ வினாடி நிறுத்தினால் சராசரி என்ன? 48-ஐப் பத்தால் வகுத்தால் 4.8 வோல்ட். ஏற்ற இறக்கத்தை இன்டக்டரும் கெபாசிட்டரும் சமப்படுத்திவிடும். எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை கன்ட்ரோலர் முடிவு செய்யும்.

கஷ்டம் இந்த கன்ட்ரோலரில்தான். குளிக்க வெந்நீர் விளாவும்போது சூடு அதிகம் என்று பச்சைத் தண்ணீர் ஊற்றுவோம், ஆறிப்போகும், மறுபடி வெந்நீர் ஊற்றுவோம். கன்ட்ரோலரும் அப்படி அலைபாயுமா, சீக்கிரம் நிலைக்கு வருமா என்று போர்டு செய்வதற்கு முன்பே தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு திறப்பு மூடலையும் கணக்கிட்டால், 50 மில்லி வினாடியைப் பார்க்கவே 5,000 சுற்று. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இதற்கு 1976-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் மிடில்புரூக், சூக் என்ற இருவர் ஒரு பொது வழி சொன்னார்கள். ஸ்விட்ச் திறந்த நிலைக்கு ஒரு சமன்பாடு, மூடிய நிலைக்கு ஒன்று. இரண்டையும் அந்தந்த நிலை நீடிக்கும் நேரத்தின் விகிதப்படி சராசரி எடுத்துவிட்டால் ஸ்விட்சே காணாமல் போய்விடும். 1990-ல் வோர்பேரியன் என்பவர் ஸ்விட்ச் இருந்த இடத்தில் மட்டும் பொருத்தக்கூடிய சராசரி மாதிரியைக் கொடுத்தார். எந்த அதிர்வெண்ணில் கன்ட்ரோலர் எப்படி நடந்துகொள்ளும் என்பது இப்போது சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது.

என் மாணவி செய்தது 12 வோல்ட்டை 30 ஆக்கும் சுற்று. ஸ்விட்ச் 60 சதவீத நேரம் மூடியிருக்க வேண்டும். சராசரி மாதிரி எல்லாம் நலம் என்றது. போர்டு செய்து கரண்ட் கொடுத்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம். வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்ப ஐந்து நாள்தான் பாக்கி. "சிமுலேஷன் சரியாக இருக்கிறது, போர்டில்தான் கோளாறு" என்று மேலதிகாரி பாகங்களை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தாள். ஒரு துடிப்பு நீளம், அடுத்தது குட்டை, மறுபடி நீளம்.

"சார், ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்தா சரியா அறுபதுதான் வருது" என்றாள். இரண்டு பிள்ளைகள் 50, 50 வாங்கினாலும் சராசரி 50. ஒருவன் 90, இன்னொருவன் 10 வாங்கினாலும் 50தான்!

காரணமும் நம் வகுத்தல் கணக்குதான். அவளுடைய சுற்றில் மின்னோட்டம் ஓர் எல்லையைத் தொட்டதும் ஸ்விட்ச் திறக்கும். தொடக்கத்தில் 1 மில்லி ஆம்பியர் பிசகினால், அடுத்த சுற்றில் அந்தப் பிசகு எதிர்ப்பக்கமாக 60/40, அதாவது 1.5 மடங்காகும். பிறகு 2.25, பிறகு 3.375. இதுவே 40 சதவீதமாக இருந்தால் 40/60, பிசகு தேய்ந்து மறைந்துவிடும். எல்லைக்கோடு 50 சதவீதம். மின்னோட்டத்தை அளக்கும் சிக்னலோடு சிறிய சாய்வு அலை ஒன்றைச் சேர்த்தால் பிசகு அடங்கும். சேர்த்தாள். சத்தம் நின்றது, மாதிரியும் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

சராசரி பொய் சொல்லவில்லை. ஒரு சுற்றுக்குள் நடப்பதையும், சுற்றுக்குச் சுற்று மாறுவதையும் அதனிடம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ரிட்லி என்பவர் 1991-ல் இந்தக் குறையையும் காட்டும்படி மாதிரியைத் திருத்தினார். அப்போதும், வடிவமைக்கச் சராசரி, முடிவில் ஸ்விட்சோடு ஒரு முழு ஓட்டம், கடைசியில் போர்டில் அளவீடு என்ற மூன்றையும் விடக் கூடாது என்கிறாள்.

பாலிடெக்னிக், எஞ்சினியரிங் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள். எல்டிஸ்பைஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வீட்டுப்பாடம்: 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் பிசகு நான்கு சுற்றில் எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுக் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.