மழைக்கு ஆசைப்பட்ட வயது

குளுவாங்கிலிருந்து ரெங்கம் போகிற வழியில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பிரியும் செம்மண் பாதை இன்னும் இருக்கிறது. பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது.

அந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மழை. விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அம்மா நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போவார். நான் கண் விழிக்கும்போது வீட்டில் அவர் இருந்த நாள் குறைவு. ஆனால் விடியுமுன் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்துவிடும், பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும், அன்றைக்கு வெட்டு கிடையாது. தகரக் கூரையில் மழை இரைய, அம்மா தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுடுவார். இன்னும் பெய்யட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்வேன். வெட்டு இல்லாத நாள் சம்பளத்தில் துண்டு விழுவதும், சீனர் கடைக் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறுவதும் அப்போது எனக்குத் தெரியாது. கூரையைப் பார்த்தபடி அம்மா ஏன் பேசாமல் இருந்தார் என்பது இப்போது புரிகிறது.

ரப்பர் கொட்டை வெடிக்கும் காலம் வந்தால் வேறு எதுவும் வேண்டாம். வெயில் ஏற ஏறக் காடெங்கும் பட்பட்டென்று சத்தம் கேட்கும். பொறுக்கிய கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூட்டாளியின் கையில் சூடு வைத்துவிட்டு ஓடுவோம்.

இவ்வளவு இருந்தும், சீக்கிரம் பெரியவனாகிவிட வேண்டும் என்றுதான் துடித்தேன். காரணம் பச்சைச் சிலுவார். தொடக்கப்பள்ளிக்கு நீலம், இடைநிலைப்பள்ளிக்குப் பச்சை. நாடு முழுக்க அதுதான் சீருடை. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு வந்ததும் அப்பா என்னைக் குளுவாங்குக்கு அழைத்துப்போய் அதை வாங்கித் தந்தார். பிறகு ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக் கடையில், கரியடுப்பில் வாட்டிய ரொட்டி. அன்று மாலை முழுவதும் அந்தச் சிலுவாரைக் கழற்றவே இல்லை.

பிரிவும் அந்த முடிவோடுதான் வந்தது. மலாய்த் தாளில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு ரிமூவ் வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. நான் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போனேன். தன் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு மிதித்த கூட்டாளி ரிமூவுக்குப் போனான். ஒரே பஸ்ஸில்தான் பட்டணத்துக்குப் போனோம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவனவன் கூட்டம் வேறாகிவிட்டது. பன்னிரண்டு வயதில் பிள்ளைகளை இப்படித் தரம் பிரித்தது கொடுமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் படிவம் மூன்றில் இருந்தபோது வயதான பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். சனம் கலைந்து பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போனது. நாங்களும் போனோம். இப்போது ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை. கடற்பாலத்து நெரிசலுக்குப் பயந்து, அம்மாவைப் போலவே நான்கு மணிக்கு எழுகிறேன்.

தோட்டத்தைப் பற்றி நான் ஏங்கிப் பேசினால் அம்மா சேர்ந்துகொள்வதில்லை. “உனக்கு அது விளையாட்டு. எனக்கு வேலைடா,” என்பார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற இந்த வீடும், ஏழு மணி வரை தூங்கக் கிடைப்பதும்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. அவர் சொல்வது நியாயம். அந்த மழைக்காலைகளுக்கு விலை கொடுத்தவர் அவர் என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் அவை எனக்கு வேண்டும்போல்தான் இருக்கிறது.