முதலில் பட்டம், பிறகு நட்சத்திரம்

ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசையோடு என்.சி.சி.யில் சேரும் கல்லூரிப் பிள்ளைகளில் பலர், வகுப்பறையை ஓர் இடைஞ்சலாகவே பார்க்கிறார்கள். காலையில் ஓட வேண்டும், பரேடுக்குப் போக வேண்டும், கேம்ப் போக வேண்டும். நடுவில் இந்த செமஸ்டர் வேறு வந்து தொலைக்கிறதே என்று நினைக்கிறார்கள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பல ஆண்டுகள் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தோளில் நட்சத்திரம் ஏறும் வழி அந்த வகுப்பறைக்குள்தான் போகிறது. உடல் பலம் இருந்தும், கம்பீரமாக அணிவகுத்தும், மார்க் பட்டியலில் தடுக்கி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

என்.சி.சி. பிள்ளைகளுக்கென்று ராணுவம் தனி வாசல் ஒன்று வைத்திருக்கிறது. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு இருந்தால் எழுத்துத் தேர்வு கிடையாது, நேரே எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைக்கப்படலாம். பட்டப்படிப்பிலோ எல்லா ஆண்டும் சேர்த்து ஐம்பது சதவீதம் வேண்டும். கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஐம்பது சதவீதம் இருந்தாக வேண்டும். நேர்காணலில் தேறிய பிறகும் கடைசியில் மொத்தம் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் தேர்வு ரத்தாகிவிடும். ஐம்பதுதானே என்று அலட்சியம் வேண்டாம். முதல் ஆண்டில் நாற்பத்தைந்தோடு நின்றவன் அடுத்த ஆண்டில் ஐம்பத்தைந்து வாங்கினால்தான் கணக்கு நேராகும். அந்த இரண்டாம் ஆண்டில்தான் கேம்ப்புகள் குவியும்.

அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதச் சொல்வேன். மேலே ஆறாவது செமஸ்டர் முடிவு வரும் மாதம். அதற்குக் கீழே ‘சி’ தேர்வு. அதற்கும் கீழே இரண்டாம் ஆண்டின் ‘பி’ சான்றிதழ்த் தேர்வு. ‘பி’ இல்லாமல் ‘சி’ எழுத முடியாது, பரேடு வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லாமல் இரண்டும் இல்லை. ‘சி’க்கு மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும். பட்டமும் மூன்று ஆண்டு. ஆகவே இளங்கலைப் பிள்ளை முதலாண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும். "செகண்ட் இயர்ல சேர்ந்துக்கிறேன் சார்" என்று வருபவனுக்குக் கணக்கு அப்போதே இடிக்கிறது. பொறியியல் பிள்ளைக்கு நான்கு ஆண்டு என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இனி ஓ.டி. எனும் ‘ஆன் டியூட்டி’ விஷயம். கேம்ப்புக்குப் போனால் கல்லூரியில் ஓ.டி. போடுவார்கள், வருகைப் பதிவில் குறை வராது. பிள்ளைகளுக்கு இதில் ஒரு நிம்மதி. ஓ.டி. வருகையை மட்டும்தான் கொடுக்கும். அன்று நடந்த பாடத்தைக் கொடுக்காது. பத்து நாள் கேம்ப் என்றால், இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு இரண்டு லேப் போயிருக்கும், ஓர் அலகு பாதி ஓடியிருக்கும், சில சமயம் ஓர் இன்டர்னல் தேர்வும் போயிருக்கும். திரும்பி வந்த களைப்பில் இரண்டு நாள் தூங்கினால் இடைவெளி இன்னும் அகலும். கேம்ப்புக்குப் புறப்படும் முன்பே பாட ஆசிரியரைப் பார்த்து, என்ன நடக்கப் போகிறது என்று கேட்டு, இன்டர்னலுக்கு மாற்றுத் தேதியும் எழுதி வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைதான் என் கண்ணுக்கு ஏற்கெனவே பாதி அதிகாரி. பொறுப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் அந்தக் குணத்தைத்தான் எஸ்.எஸ்.பி.யிலும் தேடுகிறார்கள்.

தில்லிக் குடியரசு தின கேம்ப் (ஆர்.டி.சி.) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேடட்டின் கனவும் அதுதான். நானும் அந்தக் கனவை வளர்த்தவன்தான். ஆனால் அது ஜனவரி மாதத்தோடு முடியும் விஷயம் இல்லை. தேர்வு முகாம்கள் பத்துப் பத்து நாளாக மாதக்கணக்கில் நடக்கும். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்து நிற்கும். ஆகவே ஆர்.டி.சி. ஆசையை இரண்டாம் ஆண்டிலேயே நிறைவேற்றிக்கொள்ளப் பாருங்கள். ஐந்தாவது செமஸ்டரில் அதைத் தேடிப் போய் இரண்டு அரியரோடு ஊர் திரும்பிய மாணவன் ஒருவன் எனக்கு இருந்தான். அணிவகுப்பில் அவன் நடந்ததைப் பார்த்து ஊரே பெருமைப்பட்டது. கடைசி செமஸ்டரில் அந்த அரியர் இரண்டையும் ‘சி’ தேர்வையும் செய்முறைத் தேர்வுகளையும் சேர்த்துச் சுமந்தான். எல்லாவற்றையும் முடித்துவிட்டான், ஆனால் மொத்த சதவீதம் ஐம்பதைத் தொடவில்லை. அந்தத் தனி வாசல் அவனுக்கு மூடிவிட்டது. தில்லிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஆண்டில் போவது என்பதை முதலாண்டிலேயே யோசியுங்கள் என்கிறேன்.

எந்தப் பாடம் எடுப்பது என்று பெற்றோர்கள் கேட்பார்கள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு என்.சி.சி. வழியாகப் போக எந்தப் பட்டமானாலும் போதும். மேஜர் முகுந்த் வரதராஜனை இன்று தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அவர் படித்தது வணிகவியல், அதன் பிறகு இதழியலில் பட்டயம். 2006இல் அந்த அகாடமியிலிருந்து அதிகாரியாக வெளியே வந்தார்; 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார்; மறைவுக்குப் பின் அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. பி.காம். படிக்கும் பிள்ளை தாழ்வாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. விமானப்படை, கடற்படை என்று ஆசைப்பட்டால் மட்டும் கவனம் தேவை. சி.டி.எஸ். என்ற எழுத்துத் தேர்வு வழியாக விமானப்படை அகாடமிக்குப் போக, பொறியியல் பட்டம் இல்லாதவர் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். கடற்படை அகாடமிக்குப் பொறியியல் பட்டமே வேண்டும். அந்த முடிவைக் கல்லூரிக்கு வந்த பிறகு எடுக்க முடியாது, பதினோராம் வகுப்பில் எடுக்க வேண்டியது அது.

என்.சி.சி.யையே மதிப்பெண்ணுக்குரிய விருப்பப் பாடமாக வைக்கும்படி 2021இல் யுஜிசி பல்கலைக்கழகங்களிடம் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது உண்டா என்று விசாரியுங்கள், இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி முதன்மைப் பாடத்தில் கையைத் தளர்த்த வேண்டாம்.

பெங்களூரில் எஸ்.எஸ்.பி. நடக்கும் அந்த ஐந்து நாட்களில், நேர்காணலுக்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை மதிப்பெண் அதில் வரும். எதிரே அமர்ந்திருப்பவர் அதைப் பார்த்தபடியே, மூன்றாவது செமஸ்டரில் மட்டும் ஏன் இறங்கியது, பிடித்த பாடம் எது, அதில் ஒரு கருத்தை விளக்கு என்று கேட்கலாம். தாவரவியல் படித்த பெண், தன் ஊர் வயலில் இருக்கும் பயிர் நோயைப் பற்றித் தெளிவாக ஐந்து நிமிடம் பேசினால் போதும். படித்தது மனதில் இருக்கிறதா, அதைத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே தெரிய வரும். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை: பார்ட் டூ ஆங்கிலத்தைப் பாஸ் ஆனால் போதும் என்று தள்ளாதீர்கள். குழு விவாதத்தில் உங்கள் நல்ல யோசனை வாய்க்குள்ளேயே தங்கிவிடக் கூடாது. நாலு செமஸ்டரும் அந்த வகுப்பில் எழுந்து பேசிப் பழகிய பிள்ளைக்குத் தனிப் பயிற்சி மையம் தேவைப்பட்டதில்லை.

கடைசி செமஸ்டரில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் ஒரே கோப்பில் வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் கல்லூரிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும் சரிசெய்ய மாதங்கள் ஆகும். புரொவிஷனல் சான்றிதழுக்கு உரிய நாளில் விண்ணப்பியுங்கள்.

தேர்வானவர்களுக்கும் படிப்பு அதோடு முடிவதில்லை. சீனப் போருக்குப் பிறகு 1963இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம் ஒன்றும் தருகிறார்கள். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள், ஆகவே பெண் பிள்ளைகளும் இதே கணக்கைப் போடட்டும்.

பெங்களூரிலிருந்து தேர்வாகாமல் திரும்பும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் அக்கறை. அரியர் இல்லாத பட்டம் கையில் இருப்பவன் அடுத்த வாரமே முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம், வேலைக்குப் போகலாம், படித்துக்கொண்டே மறுபடியும் முயலலாம். என்.சி.சி. வழிக்கு இருபத்தைந்து வயது வரை இடம் உண்டு. அந்த வழிக்கான அறிவிப்பும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, சி.டி.எஸ். தேர்வும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. சி.டி.எஸ்.ஸில் பரங்கிமலைக்கு மட்டும் எழுதினால் கணிதத் தாள் இல்லை. ஆங்கிலமும் பொது அறிவும்தான். இந்த முறை திரும்பி வந்த தம்பி, தங்கைகள் அந்தத் தேதிகளை இன்றே குறித்துக்கொள்ளட்டும்.