வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்

நாடகம் முடிந்ததும் நடித்தவர்களைப் பாராட்டுகிறோம். சிலர் எழுதியவரையும் தேடிச் சென்று வாழ்த்துவார்கள். ஆனால் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் நடுவில் இருந்து, எந்த வசனம் நிற்க வேண்டும், எது போக வேண்டும், எந்தக் காட்சி முன்னே வர வேண்டும் என்று பார்த்த ஒருவரை யாரும் நினைப்பதில்லை. பிரதியைச் செம்மையாக்குவது தனியான ஒரு வேலை என்பதே எனக்கும் கடந்த ஆண்டுதான் தெரிந்தது.

நான் மேடையேறுவதற்கு எங்கள் வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை அறிந்த ஆசிரியை, கலைவிழாவுக்காக என் தோழி எழுதிய நாடகத்தை என்னிடம் தந்து, "மகள், இத இருபது நிமிசத்துக்குள்ள கொண்டு வரணும். ஆனா அவட கதை அவட கதையாவே இருக்கணும்" என்றார். இரண்டாவது வாக்கியம் எவ்வளவு கனமானது என்று பிறகுதான் விளங்கிற்று.

அது கிண்ணியாப் பாலம் இல்லாத காலத்துக் கதை. தோழியின் உம்மம்மா, பிரசவ வேதனையில் துடித்த தன் மூத்த மகளை ஓர் இரவு துறையடிக்குக் கொண்டு வருகிறார். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதை அக்கரையில் நிற்கிறது. அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தாய் பிழைத்தார், குழந்தை தங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் நடந்த உண்மை இது.

முதல் வேலையாகப் பிரதியை உரத்து வாசித்தேன். துறைமுகத்தில் வேலை செய்யும் என் வாப்பா கைக்கடிகாரத்தோடு அருகில் இருந்தார். முப்பத்தொரு நிமிடம் ஆயிற்று. "கண்ணால வாசிக்க நல்லா இரிக்கி மகள். வாயால சொல்லப்போனா மூச்சு முட்டுது" என்றார். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று சொல்வார்கள். கையெழுத்துப் பிரதிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. வாயும் கடிகாரமும்தான் அளவுகோல். வசனம் என்பது இன்னொருவருடைய மூச்சில் போக வேண்டியது. மூச்சு எங்கே அறுகிறதோ அங்கே வாக்கியமும் அறுபட வேண்டும்.

எதைக் குறைப்பது என்று திகைத்தபோது ஆசிரியை பேராசிரியர் சு. வித்தியானந்தனைப் பற்றிச் சொன்னார். மட்டக்களப்புக் கூத்து விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்படுவது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுப் பாட்டு உண்டு. பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவர். நாலாபுறமும் சனம் இருக்கும் இடத்தில், நேரம் நிறைய உள்ள இரவில், அதெல்லாம் பொருந்தும். 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது இருந்தது ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையும் ஓரிரு மணி நேரமும். ஆட்டத்தையும் பாட்டையும் விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்திருந்தால் அது கூத்தாக இருந்திராது. ஆகவே கூத்தின் உயிரான ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கினார். பின்னர் வந்த 'இராவணேச'னில் மாணவராக இராவணன் வேடமேற்ற சி. மௌனகுரு, பல பத்தாண்டுகளின் பின் மட்டக்களப்பில் அதைப் புதுப்பித்து மேடையேற்றினார். ஊர்களில் விடியும்வரை ஆடும் கூத்தும் நின்றுவிடவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: எதை வெட்டலாம் என்று தொடங்கக் கூடாது, எது இல்லாவிட்டால் இது இதுவாக இராது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது மொழி. எங்களுக்குப் 'பாதை' என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. "பாதை வந்துட்டா?" என்ற வரியைப் பார்த்த ஒருவர், வெளியூராருக்கு விளங்காது, 'படகு' என்று மாற்றுங்கள் என்றார். தோழி சம்மதிக்கவில்லை; நானும்தான். சொல்லை மாற்றாமல், அதற்கு முன் அக்கரையை நோக்கி ஒருவர் விளக்கைத் தூக்கிக் காட்டிக் கூவுவதாக வைத்தோம். சொல் தானாக விளங்கிற்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே 'நானாடகம்' நூலில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்தவர். எங்கள் உம்மம்மாக்களின் பேச்சுக்கும் மேடையில் இடம் உண்டுதானே? பேச்சைத் திருத்துவது வேறு, பிரதியைத் திருத்துவது வேறு.

ஊடகத்தையும் பார்க்க வேண்டும். பாதை வருவதைத் தோழி நாலு வரியில் வர்ணித்திருந்தாள். வானொலி நாடகமானால் தண்ணீரின் சத்தமும் தூரத்துக் குரலும் வேண்டும். திரைப்படமானால் இருண்ட நீரில் நகரும் ஒரு வெளிச்சம் போதும். மேடையில் ஓர் அரிக்கன் லாம்பு. மூன்றிலும் அந்த நாலு வரி தேவையில்லை. பார்க்கக் கிடைப்பதை வாயாலும் சொன்னால் பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போகும். சின்னச் சின்ன ஒழுங்குகளும் உண்டு. 1980களில் நடக்கும் கதையில் கைப்பேசி வரக் கூடாது. பாலம் திறந்ததே 2009இல்தான். முதற்காட்சியில் கையில் இருந்த லாம்பு மூன்றாம் காட்சியில் யாரிடம் போனது என்றும் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் மூன்று நிமிடம் மிஞ்சியது. மிஞ்சியது எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். இறுதியில் உம்மம்மா தண்ணீரைப் பார்த்துப் பேசும் ஒரு பக்க வசனம். நாடகத்திலேயே அழகாக எழுதப்பட்ட பகுதி அதுதான். "அதத் தொட்டா நாடகமே வேணாம்" என்று தோழி அழுதாள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "அண்டைக்கு உம்மம்மா உண்மையில என்ன சொன்னாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டாள். மறுநாள் வந்து சொன்னாள்: "ஒண்டும் சொல்லல்லயாம். அக்கரையில விளக்கு அசையுதா எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டாவாம்."

பிறகு நான் எதையும் வெட்டவில்லை. தோழியே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, 'உம்மம்மா விளக்கைப் பார்த்தபடி நிற்கிறார். விளக்கு அசைகிறது' என்று இரண்டு வரி எழுதினாள். விழாவன்று அந்த இடத்தில் மண்டபம் முழுவதும் அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த உம்மம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீக்கிய பக்கத்தைத் தோழி எறிந்துவிடவில்லை. இப்போது அதைச் சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மேடைக்கு அதிகமானது தாளுக்கு அளவாக இருக்கலாம்.

தங்கையரே, இலக்கணம் தெரிந்தால் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. காது வேண்டும், பொறுமை வேண்டும். பிறர் எழுதியதில் நம் பெயரைப் பதிக்காதிருக்கும் மனம் எல்லாவற்றையும் விட வேண்டும். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பவர்களுக்கு மட்டுமல்ல, வானொலிக்கோ குறும்படத்துக்கோ எழுத நினைக்கும் எவருக்கும் இது உதவும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எழுதியதை அவள் உரத்து வாசிக்கும்போது, கடிகாரத்தோடு அருகில் இருந்து கேளுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது என்று சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் அன்று என்ன சொன்னார்கள், எங்கே பேசாமல் நின்றார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.